டாக்டரம்மா பதில்கள்: ஓடுகிறவர்களும் இரும்பு மாத்திரையும்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால், பாதிக்கு மேல் ஓட்டக்காரர்கள் எழுதியவை. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் விடிகாலை ஐந்தரைக்கு நடக்கப் போகிறவள் நான். அங்கே ஓடுகிற பிள்ளைகளின் பைகளில் தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்திலேயே மாத்திரை அட்டையும் இருப்பதை இரண்டு மூன்று வருடமாகப் பார்க்கிறேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழ் முழுக்க இரும்புதான்.

என் மகளுக்கு 16 வயது. 3000 மீட்டர் ஓடுகிறாள். காலையிலும் சாயங்காலமும் பயிற்சி. கோச் எல்லாப் பிள்ளைகளுக்கும் தினம் ஒரு இரும்பு மாத்திரை கொடுக்கிறார். ராத்திரி படுக்கும்போது போடுகிறாள். பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரையும் உண்டு. இப்போது ஒருவர், "இரும்பு கூடினால் உடம்புக்குள் துருப்பிடிக்கும், ஓடுகிற பிள்ளைக்குக் கொடுக்காதே" என்று சொல்லிவிட்டார். ஹீமோகுளோபின் 11.4, ஃபெரிட்டின் 9. மாத்திரையை நிறுத்தட்டுமா?
– ஒரு தாய், மணவாளக்குறிச்சி

நிறுத்த வேண்டாம் அம்மா. உங்கள் மகளுக்கு இரும்பு தேவை.

ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கிடங்கு. அது 15-க்குக் கீழே போனால் கிடங்கு காலி என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஓட்டக்காரர்களுக்கு 30-க்குக் கீழே வந்தாலே கவனிக்க வேண்டும். அவளுக்கு 9. ஹீமோகுளோபினும் பெண்பிள்ளைகளுக்கு வேண்டிய 12-ஐத் தொடவில்லை. இந்த நிலையில் மூன்றாவது சுற்றில் கால் கனக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னால் அது சோம்பல் இல்லை.

ஓடுகிற பெண்பிள்ளைக்கு இரும்பு பல வழிகளில் போகிறது. மாதவிடாய் முதல் வழி. அப்புறம் வியர்வை. நீண்ட ஓட்டத்தில் குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கசிவு ஏற்படும். பாதம் தரையில் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளங்காலில் சில சிவப்பணுக்கள் நசுங்கும். இத்தனை போக, வளர்கிற வயதும் தன் பங்கைக் கேட்கும்.

இனி அந்தத் துருப்பிடிக்கிற கதை. அது முழுப் பொய் இல்லை, ஆனால் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 1894-ல் ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஒன்றைப் பதிவு செய்தார். நம் புளியில் இருக்கிறதே டார்டாரிக் அமிலம், அதனுடன் கொஞ்சம் இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால் அமிலம் சிதைந்துபோகிறது. தசை கடுமையாக உழைக்கும்போது அதே பெராக்சைடு நம் உடம்பிலும் சிறிதளவு உண்டாகும். பக்கத்தில் எந்தப் புரதத்தோடும் கட்டப்படாத இரும்பு இருந்தால், மிக மூர்க்கமான ஒரு மூலக்கூறு பிறந்து கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கும். ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று பத்திரிகைகளில் படிக்கிறீர்களே, இது அதன் ஒரு பகுதி.

ஜன்னல் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்போது கெட்டுப்போவது இரும்பு. உடம்புக்குள் கெடுவது இரும்பு அல்ல, அதற்குப் பக்கத்தில் இருக்கும் கொழுப்பும் புரதமும். நீங்கள் கடற்கரைக்காரர், கருவாடு சொன்னால் உடனே புரியும். சாளையை ரத்தமும் குடலும் போகக் கழுவாமல் உப்பில் போட்டால் சீக்கிரம் மஞ்சளடித்துக் காறிப்போகும், இல்லையா? ரத்தத்தில் உள்ள இரும்பு சாளையின் கொழுப்பைக் கெடுக்க முந்திக்கொண்டு உதவுகிறது. உயிரணுவின் சுவரிலும் அதே வகைக் கொழுப்பு உண்டு.

அதனால்தான் உடம்பு இரும்பை ஒரு நிமிடமும் அவிழ்த்துவிடுவதில்லை. ரத்தத்தில் போகும்போது டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கைப்பிடித்துக் கூட்டிப்போகும். கிடங்கில் ஃபெரிட்டின் என்ற உருண்டைக் கூட்டுக்குள் பூட்டி வைக்கும். ஒரு கூட்டுக்குள் 4500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். அந்தக் கூடுகள் எல்லாம் நிரம்பி வழியும்போதுதான் நான் மேலே சொன்ன ஆபத்து. உங்கள் மகளின் கூடுகள் காலியாகக் கிடக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெராக்சைடை உடைத்துத் தண்ணீராக்கும் கேட்டலேஸ் என்ற நொதியின் நடுவிலேயே இரும்புதான் உட்கார்ந்திருக்கிறது. இரும்பு கூடினாலும் கெடுதி, வற்றினாலும் கெடுதி. எண்ணிக்கை தெரியாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது, எண்ணிக்கை குறைந்தவருக்குக் கொடுக்காமல் இருக்கவும் கூடாது.

சரி, எப்படிக் கொடுப்பது? ராத்திரி படுக்கும்போது போடுவதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கல்லீரலில் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். குடலில் இரும்பு நுழையும் கதவைச் சாத்துகிறவர் அவர்தான். கடும் பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் உச்சத்தில் நிற்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடி முடித்த பிள்ளை ஒன்பதரைக்கு மாத்திரை போட்டால், கதவு அடைத்த வீட்டுக்கு விருந்தாளி போன மாதிரி. உள்ளே போகாத இரும்பு குடலில் கிடந்து மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும் தரும். காலைப் பயிற்சி முடிந்து அரைமணி நேரத்துக்குள் போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காய், அல்லது சர்க்கரை குறைத்த எலுமிச்சைத் தண்ணீர். அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் சாயா, காப்பி, பால் எதுவும் வேண்டாம்.

தினமும் போடுவதற்குப் பதில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி ஏறத்தாழ ஒருநாள் அப்படியே நிற்கும். மறுநாள் மாத்திரையில் பெரும்பகுதி வீண். இரும்பு குறைந்த இளம்பெண்களை வைத்து சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வுகளில், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதல் இரும்பை எடுத்துக்கொண்டது தெரிந்தது. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். பள்ளி நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோச் நல்ல மனதோடுதான் செய்கிறார், சந்தேகமில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாத்திரை என்பதை நான் ஏற்க மாட்டேன். இருபது பிள்ளைகளில் யாருக்கு 9, யாருக்கு 90 என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாத்திரை அட்டையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கை அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து. தின்றது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வயது 36, வங்கி வேலை. நான்கு வருடமாக அரை மராத்தான் ஓடுகிறேன். குழுவில் எல்லாரும் போடுகிறார்கள் என்று எட்டு மாதமாகத் தினம் 100 மில்லிகிராம் இரும்பு. அதனால் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் வரும் என்று படித்ததால் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ கேப்சூலும் சேர்த்துப் போடுகிறேன். ஞாயிறு நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடிவிட்டுத் திங்கள் காலை ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 14.8, ஃபெரிட்டின் 310. நல்ல அளவுதானே?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

இல்லை தம்பி. இரும்பு மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். 14.8 ஹீமோகுளோபின் உள்ள ஆணுக்கு அது எதற்காக என்று எட்டு மாதத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

310 என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். இருபது கிலோமீட்டர் ஓடிய மறுநாள் உடம்பில் அழற்சி இருக்கும், அப்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். காய்ச்சல், கொழுப்பேறிய கல்லீரல், மது எல்லாமே அதை ஏற்றும். மூன்று நாள் ஓடாமல் இருந்து, காலை வெறும் வயிற்றில் ஃபெரிட்டினோடு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும், டிரான்ஸ்ஃபெரின் எவ்வளவு இரும்பைச் சுமக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பாருங்கள். செறிவு 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டாயம் ஒரு பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான் ஏன் பதறுகிறேன் என்றால், கூடுதல் இரும்பை வெளியே தள்ள நம் உடம்பில் வழியே கிடையாது. உப்பு கூடினால் சிறுநீரகம் தள்ளிவிடும். இரும்புக்கு அப்படி இல்லை, நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் தோலோடும் குடலோடும் உதிர்வதுதான். வாசலில்தான் காவல், பின்கதவு இல்லை. 1990-களின் கடைசியில் பிரான்சின் சாலை சைக்கிள் வீரர்கள் பலருக்கு ஃபெரிட்டின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது தெரியவந்தது. சோர்வு தீரும் என்று வருடக்கணக்கில் இரும்பு ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். நோயாளிகள் இல்லை, நாட்டின் தலைசிறந்த சைக்கிள்காரர்கள். ஓட்டம் நின்ற பிறகும் அந்த இரும்பு கல்லீரலை விட்டுப் போகாது.

இப்போது அந்த வைட்டமின்கள். இரும்பு ஒரு பக்கம் நெருப்பு வைக்கிறது, வைட்டமின் இன்னொரு பக்கம் அணைக்கும் என்று நீங்கள் நினைத்தது புரிகிறது. ஆனால் ஓட்டத்தின்போது எழும் அந்தக் கொஞ்ச நெருப்பு உடம்புக்கு ஒரு செய்தி. "நாளைக்கும் இப்படி ஓடுவான், தயாராகு" என்று தசைக்குச் சொல்லும் செய்தி. அதைக் கேட்டுத்தான் தசை தன் சொந்தத் தீயணைப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. 2009-ல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சியோடு, நீங்கள் போடுகிற அதே 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. போட்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. அதோடு வைட்டமின் சி குடலில் இரும்பை உள்ளே ஏற்றிவிடும் சாமான். அணைக்கிறோம் என்று நினைத்து விறகு எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டையும் விட்டுவிட்டு ஒரு மட்டிப் பழம், ஒரு கொய்யா என்று சாப்பிடுங்கள். பழத்தில் உள்ள அளவு யாருடைய பயிற்சியையும் கெடுத்ததில்லை.

மறுபரிசோதனையிலும் ஃபெரிட்டின் உயர்ந்தே இருந்து, மருத்துவரும் சரி என்றால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனையில் ரத்ததானம் செய்யலாம். 350 மில்லி ரத்தத்தோடு 150 முதல் 200 மில்லிகிராம் இரும்பு போகும், யாரோ ஒருவர் பிழைப்பார். அடுத்த சில வாரங்களுக்கு உங்கள் ஓட்ட நேரம் கொஞ்சம் இறங்கும். போட்டி பக்கத்தில் இருந்தால் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டியில் இரும்பு இருக்கிறது என்பதால் மாத்திரையைக் கருப்பட்டிக் காப்பியோடு போடுகிறேன். சரிதானே?
– கல்லூரி மாணவி, தக்கலை

கருப்பட்டி நல்லது மக்களே, காப்பிதான் இடைஞ்சல். காப்பியில் உள்ள பொருள்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். பால் சேர்க்காத கட்டஞ்சாயா இன்னும் மோசம், பாதிக்கும் மேல் தடுத்துவிடும். மாத்திரைக்குத் தண்ணீர், காப்பிக்கு ஒரு மணி நேரம் கழித்து. மலம் கறுப்பாகப் போவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அது மாத்திரை நிறம். ஆனால் தார் மாதிரி ஒட்டி, நாற்றமும் இருந்தால் அது ரத்தமாக இருக்கலாம், காட்டுங்கள்.

அகாடமியில் போட்டிக்கு முன்னால் "இரும்பு டிரிப்" ஏற்றினால் வேகம் கூடும் என்கிறார்கள். ஏற்றிக்கொள்ளலாமா?
– 10,000 மீட்டர் வீரர், குளச்சல்

கூடாது தம்பி. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் வேகம் கூடாது. இரும்பு தடைசெய்யப்பட்ட மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் எதை நரம்பில் ஏற்றினாலும், மருத்துவமனைச் சிகிச்சை மாதிரியான விதிவிலக்கு இல்லாவிட்டால், உலக ஊக்கமருந்து தடுப்பு விதிப்படி குற்றம்.

28 வருடமாகச் சிவாலய ஓட்டம் ஓடுகிறேன். வயது 52. போன வருடம் ஓட்டம் முடித்து வீட்டுக்கு வந்தபோது சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கூட ஓடுகிறவர், "ரத்தம் போயிருக்கு, இந்தத் தடவை ஒரு மாதம் முன்னாலேயே இரும்பு மாத்திரை போடு" என்கிறார். போடலாமா?
– ஒரு பக்தர், திருவட்டாறு

அண்ணாச்சி, வெளியூர் வாசகர்களுக்காக முதலில் ஒரு வரி. மகாசிவராத்திரியை ஒட்டி முன்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு என்று பன்னிரண்டு சிவன் கோயில்களையும் ஓடியே தரிசித்து, திருநட்டாலத்தில் முடிப்பது சிவாலய ஓட்டம். 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். காவி உடுத்து, கையில் விசிறியோடு, "கோவிந்தா கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு, பலரும் செருப்பில்லாமல் ஓடுவார்கள். சிறுவயதில் எங்கள் வீட்டு வாசலில் பானகம் வைத்துக்கொண்டு நான் காத்து நின்றதுண்டு. ஓடி வருகிறவர்களின் பாதத்தைத்தான் பார்ப்பேன். தார் ஒட்டி, வெடித்து, ஓரம் எல்லாம் சிவந்திருக்கும்.

உங்கள் சிறுநீரின் நிறத்துக்குக் காரணம் அந்தப் பாதத்திலேயே இருக்கலாம். நீண்ட தூரம் நடந்த ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கு இதேபோல் கறுத்த சிறுநீர் போனதை 1881-லேயே மருத்துவர் ஒருவர் எழுதி வைத்தார். பாதத்தில் நசுங்கிய சிவப்பணுக்களிலிருந்து ஹீமோகுளோபின் வெளியே கொட்டும். அதை அள்ளிக்கொண்டு போக ரத்தத்தில் ஒரு புரதம் உண்டு. அதற்கும் மிஞ்சினால் சிறுநீரில் இறங்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. பழக்கமில்லாத அளவுக்கு உழைத்த தசையே உடைந்து, மயோகுளோபின் என்ற இன்னொரு இரும்புப் புரதம் கொட்டினாலும் இதே நிறம்தான். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய்த் தங்கினால், மணவாளக்குறிச்சி அம்மாவுக்குச் சொன்னேனே, கட்டவிழ்ந்த இரும்பின் வேலை, அது அங்கே நடக்கும். தண்ணீர் குறைந்த உடம்பில் இரண்டு மடங்கு. சிறுநீரகம் நின்றுபோய் டயாலிசிஸ் வரை போனவர்களும் உண்டு.

ஆகவே இரும்பு மாத்திரை இதற்கு விடை இல்லை அண்ணாச்சி. இருக்கிற இரும்பு கூட்டை விட்டு வெளியே வந்ததுதான் உங்கள் பிரச்சினை. ஓட்டத்துக்கு முன்னால் ரத்த அணு எண்ணிக்கை, ஃபெரிட்டின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் பாருங்கள். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மட்டும் மாத்திரை. வழியில் கொடுக்கிற பானகம், மோர், கஞ்சித்தண்ணீர் எதையும் விடாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள், அது சிறுநீரகத்தையும் குடலையும் சேர்த்து அடிக்கும். மறுபடி அந்த நிறம் வந்தால், அல்லது தொடை வீங்கிக் கல் மாதிரி இருந்தால், சிறுநீர் குறைந்தால், இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பாதி வழியில் நிறுத்த நேர்ந்தால் மீதிக் கோயில்களை வண்டியில் போய்த் தொழுங்கள்.

வயது 22. போலீஸ் தேர்வுக்காகத் தினமும் ஓடுகிறேன், 10 கிலோமீட்டர் போட்டிகளுக்கும் போவேன். ஹீமோகுளோபின் 10.8. இரண்டு வருடமாக விதவிதமான இரும்பு மாத்திரை போட்டும் 11-ஐத் தாண்டவில்லை. என் சித்திக்கும் அம்மாவுக்கும் இப்படியேதான். எம்.சி.வி. 64 என்றும் ஃபெரிட்டின் 140 என்றும் இருக்கிறது. இன்னும் பலமான மாத்திரை இருக்கிறதா?
– அருமனை வாசகி

இருக்கிறது மக்களே, ஆனால் உனக்கு எந்த மாத்திரையும் வேண்டாம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 64 என்பது உன் சிவப்பணுவின் அளவு, 80-க்குக் கீழே வந்தாலே சிறியது. இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும். ஆனால் உன் கிடங்கில் 140 இருக்கிறது. கிடங்கு நிறைந்திருக்க அணு சிறுத்திருந்தால், அம்மாவுக்கும் சித்திக்கும் அப்படியே இருந்தால், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் கடத்தி நிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது நோய் இல்லை, பிறவியிலேயே வருகிற ஒரு தன்மை. ஹீமோகுளோபின் கட்டும் அச்சு கொஞ்சம் வேறு, அவ்வளவுதான். செங்கல் குறையவில்லை, அச்சு சின்னது. செங்கலை எவ்வளவு கொட்டினாலும் சுவர் உயராது, முற்றத்தில் குவியும்.

ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை செய்துகொள். 3.5 சதவீதத்துக்கு மேல் வந்தால் பெரும்பாலும் உறுதி. மாத்திரை நின்ற பிறகும் ஓடலாம், தேர்வுக்கும் போகலாம். கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும். இருவரும் கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு கடுமையான தலசீமியா வரும் வாய்ப்பு. உன் அம்மாவிடமும் இதைச் சொல். கூச்சப்பட எதுவும் இல்லை.

நான் இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால், மெலிந்து வெளிறிய ஓட்டக்காரப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன், ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தேன், 10.5. ஃபெரிட்டின் பார்க்கவில்லை. ஒன்றரை வருடம் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஏறாதபோதெல்லாம் "ஒழுங்காகப் போடுகிறாயா?" என்று அவளையே கடிந்துகொண்டேன். ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாள், வயிறு எரிந்துகொண்டே. கடைசியில் வெளியூர் மருத்துவர் ஒருவர்தான் அந்தப் பரிசோதனையை எழுதினார். அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, "நான் பொய் சொல்லல டாக்டர்" என்றாள்.

அவளிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். உன் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுது, ஏ2 அளவையும் சிவப்பணு எண்ணிக்கையையும் மறக்காமல் குறிப்பிடு.